ஒரு தட்டுக்கு நிற்காத வண்டி

ஆபேலுக்குத் தன் மனைவியைச் சிரிக்க வைக்கத் தெரியாது, கத்த வைக்கத் தெரியும். கல்யாணம் முடிந்த எட்டாம் நாளே அவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான்.

ஜாஸ்பின் மயிலாடிக்காரி. அப்பா சிற்பக்கூடத்தில் கல் கொத்துகிறவர். உயரம் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால்கூட நடுவில் நின்று விரித்துவிட்டு ஓடி வந்துவிடுவாளாம். மறுவீட்டுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு சாயங்காலம் வட்டக்கோட்டை பார்க்கப் போனார்கள். சுவர் ஓரத்துக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆபேல் அவளை அப்படியே தூக்கி, கடலைப் பார்த்து மதில்மேல் உட்கார வைத்து, இரண்டு கையையும் எடுத்துவிட்டான். அவள் போட்ட கூச்சலில் கீழே மாங்காய் விற்றுக்கொண்டிருந்தவள் மேலே ஓடி வந்தாளாம். மறுவீட்டுச் சேலை நனைந்துபோயிற்று. கடல் தண்ணீரால் அல்ல.

இந்தக் கதையை ஆபேல் அருமனைச் சந்திப்பு டீக்கடையில் இருபது வருடம் சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது கூடும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் சிரித்தோம். ராஜமணியாகிய நானும் சிரித்தேன். இதைச் சொல்லாமல் மேலே போனால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும்.

எனக்குச் சந்திப்பில் ஜெராக்ஸ் கடை. பிளக்ஸ் அடித்துக் கொடுப்பதும் உண்டு. ஆபேல் என் பக்கத்து வீட்டுக்காரன், ஒரே சபை. ஜாஸ்பினை நான் நன்றாகப் பார்த்தது பாடகர் குழுவில்தான். இரண்டாம் வரிசையில் நிற்பாள். அவள் குரல் தனியாகக் கேட்காது, ஆனால் அவள் வராத ஞாயிற்றுக்கிழமை பாட்டில் ஏதோ குறைவது எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு குரல். மற்ற நாட்களில் ரப்பர் ஷீட் அடிக்கிற வேலைக்குப் போவாள். ஒரே பிள்ளை ஷைஜா, நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள்.

ஆபேலிடம் ஒரு பிக்கப் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முதலில் எஸ்டேட்டுக்கு உரமும் ஆளும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். பிறகு மலைப் பாதையில் வண்டியில் குலுங்கிப் போவதை ஒரு சுகமாக நினைக்கிற கூட்டம் ஊருக்கு வர ஆரம்பித்தது. ஆபேல் பின்பக்கம் இரும்பு பெஞ்சு வைத்து, மேலே குழாய்க் கம்பி அடித்து, காலையில் ஏற்றி மாலையில் இறக்குகிற மலைப் பயணம் தொடங்கினான். ரப்பர் முடிகிற இடத்தில் தார் ரோடும் முடியும். அப்புறம் ஓடை, உருளைக்கல், சேறு, கிராம்புத் தோட்டம். உச்சியில் மூக்குப்பாறை. அங்கிருந்து பேச்சிப்பாறை அணை ஒரு கண்ணாடித் துண்டு போலக் கிடக்கும். வானம் தெளிந்திருந்தால் முட்டம் பக்கத்துக் கடலும் தெரியும்.

பெயருக்கேற்றபடி அந்தப் பாறை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பாதை அதோடு முடிந்துவிடும். வண்டியைத் திருப்ப வேண்டுமானால் பாறைமேல் பின்னோக்கி ஏற்றித்தான் ஆகவேண்டும், வேறு இடமில்லை. டிரைவருக்குக் கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். எனவே பின்னால் ஒரு ஆள் வேண்டும். லாரிக்காரர்கள் அந்த ஆளைக் கிளி என்பார்கள். வண்டியின் உடம்பில் கிளி ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டு தட்டினால் போ. மலையில் வண்டி ஓட்டுகிற எவனும் இதை மீறமாட்டான். எதிரே யார் கெஞ்சினாலும் நிற்காதவன்கூட ஒரு தட்டுக்கு நிற்பான்.

ஆபேலிடம் பிரபின் என்று ஒருவன் கிளியாக இருந்தான். ஆபேலின் வாய்க்குப் பயந்து அவன் வளைகுடாவுக்கு ஓடினான். அடுத்து வந்தவன் ஒரு மாதம். அதற்கடுத்தவன் ஒரு வாரம். பிறகு ஒரு நாள் ஆபேல் வீட்டு முற்றத்தில் நின்று ஹாரன் அடித்தான்.

"ஏட்டி, ஏறு. இனி நீதான் எனக்க கிளி."

"எனக்கு மலை பேடியாக்கும். உங்களுக்குத் தெரியும்லா?" என்றாள் ஜாஸ்பின்.

"தெரியும். அதனாலதான் கூப்பிடுகேன்."

கிளி தரையில் பக்கவாட்டில் நிற்பதுதான் வழக்கம். ஆபேல் அவளை வண்டியின் பின்படியில் ஏறி நிற்கச் சொன்னான். அதாவது வண்டி பின்னே போகப் போக, பள்ளத்தின் மேல் முதலில் நீள்வது அவள் முதுகு. முதல் நாள் பாறையின் விளிம்புக்கு இரண்டு முழம் இருக்கும்போதே அவள் தட்டிவிட்டாள். ஆபேல் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு முழம் போனான். அவள் கத்தினாள். நிறுத்தினான். கீழே இறங்கி நின்ற பயணிகள் முதலில் பதறினார்கள். ஆபேல் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டே இறங்கியதும் அவர்களும் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மகேஷ்குமார் என்று ஒருவன். ஊர் ஊராகப் போய் வீடியோ போடுகிறவன். ஜாஸ்பின் கத்துவதை அவன் எடுத்துப் போட்டான். ஒரு வாரத்தில் உலகத்திலுள்ள தமிழர்கள் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். "கிளி அக்கா" என்று அவளுக்குப் பெயரும் விழுந்தது. அதன் பிறகு மலை பார்க்க வந்தவர்கள் குறைவு. அக்கா கத்துவதைக் கேட்கத்தான் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள், சபைப் பிக்னிக்கும் வந்தது. பிளக்ஸ் நான்தான் அடித்தேன். "மூக்குப்பாறை ஒரு நாள் பயணம், கிளி அக்காவின் அலறலுடன்." அந்த வாசகம் என் சொந்தச் சரக்கு. எழுதி முடித்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆபேல் அதற்கு ஒரு முறையே வகுத்துவிட்டான். புறப்படுமுன் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி நீளமாக ஜெபம் செய்வான். பாறைக்குப் போனதும் எல்லாரையும் இறக்கி, விளிம்பிலிருந்து தள்ளி வரிசையாக நிறுத்துவான்.

"எல்லாரும் போனை எடுங்க. ஒரு வார்த்தை பேசப்பிடாது. இருமப்பிடாது. அப்பதான் எனக்க பெஞ்சாதிக்க சத்தம் வீடியோவில தெளிவா விழும்."

கோயிலில் ஆராதனைக்குக்கூட நம் ஆட்கள் அவ்வளவு அமைதியாக இருக்கமாட்டார்கள். அந்த அமைதியில் ஒரு தட்டு கேட்கும். வண்டி நிற்காது. பிறகு அவள் கத்துவாள். வண்டி நிற்கும். கைதட்டுவார்கள். சிலர் ஒன்ஸ்மோர் என்பார்கள். ஆபேல் வண்டியை முன்னே எடுத்து மறுபடியும் பின்னே கொண்டுபோவான்.

ஒரு தடவை நான் அவனிடம் கேட்டேன். "ஆபேலு, தட்டின உடனே நிறுத்தினா என்னடே?"

"மக்கா, அவ பேடிச்சு முன்கூட்டியே தட்டுவா. தட்டுக்கு அப்புறம் இன்னும் ஒரு முழம் பாக்கி கிடக்கும். அவ கத்துததுதான் கணக்கு."

"பின்னால ஒரு கேமரா வச்சிரலாம்லா?"

"கேமரா கத்துமா?" என்றான். அதற்கும் நான் சிரித்தேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. தினமும் கத்திக் கத்தி ஜாஸ்பினின் தொண்டை கெட்டது. தோட்டத்தில் உதிர்ந்த கிராம்பை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வாள். பாடகர் குழுவில் ஒரு ஞாயிறு வாயைத் திறந்தாள், கரகரவென்று காற்று மட்டும் வந்தது. பாட்டுப் புத்தகத்தை மூடிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் குழுவில் நிற்கவில்லை. ஆபேல் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் வயிறு கலங்குகிறது, வரவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினான். இன்னொரு நாள் துண்டை வாயில் கடித்துக்கொண்டு கத்தாமல் நின்றாள். வண்டி நிற்கவே இல்லை. ஒரு முழம், அதற்கு மேல் ஒரு சாண். துண்டு வாயிலிருந்து விழ, கத்திவிட்டாள். பின்படி கல்விளிம்பை ஒட்டி நின்றது.

இறங்கி வந்த ஆபேல் எல்லாருக்கும் முன்னால் சொன்னான். "கத்தாம இருந்து பாப்பியா? இரு. நீ கத்துத வரைக்கும் நான் போய்க்கிட்டே இருப்பேன். உனக்க வாயா எனக்க வண்டியான்னு பாத்துருவோம்."

எல்லாரும் அதையும் எடுத்தார்கள். அந்த வீடியோ முதல் வீடியோவை விட நன்றாக ஓடியது.

விடுதியில் இருந்த ஷைஜாவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஓணம் விடுமுறைக்கு வந்த பெண் மூன்று நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் சமையலறையில் வெடித்தாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் கேட்டது.

"எனக்க கிளாஸ்ல உனக்க சத்தத்த ரிங்டோனா வச்சிருக்காளுவ அம்மா. நான் வார்டுக்குள்ள போனா, வேணும்னு போனை அடிக்க வைக்காளுவ. நோயாளிகளும் சிரிக்காங்க. எனக்குச் செத்துரலாம் போல இருக்கு."

"நான் என்ன செய்வேன் மோளே?"

"கத்தாத. எப்படியாவது கத்தாம நில்லு. நீ இனி ஒரு தடவை கத்தினாலும் நான் படிப்ப விட்டுட்டு வந்துருவேன். சத்தியமா வந்துருவேன்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"சரி. இனி கத்தமாட்டேன்," என்றாள் ஜாஸ்பின்.

ஆபேல் என்ன சொல்லியிருந்தான் என்பது எனக்குத் தெரியும். நான் போய் அவனிடம் பேசியிருக்கலாம். அவன் கேட்டிருக்கமாட்டான், உண்மைதான். ஆனால் நான் போகாததற்குக் காரணம் அதுவல்ல. அந்தச் சனிக்கிழமை என் மைத்துனன் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது, கிளி அக்காவைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆபேலிடம் சண்டை போட்டுக்கொண்டு எப்படி வண்டி கேட்பது?

சனிக்கிழமை காலை பன்னிரண்டு பேர் ஏறினோம். நல்ல வெயில். முந்தின நாள் பெய்த மழையில் ஓடையில் தண்ணீர் கொஞ்சம் கூடுதல், வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏறியபோது மைத்துனன் பிள்ளைகள் கைதட்டின. கிராம்புத் தோட்டத்துக் காற்று முகத்தில் அடித்தது. ஜாஸ்பின் பெஞ்சின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தாள். மைத்துனன் மனைவி அவளோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு நல்லா கத்தணும், என்ன?" என்றாள்.

ஜாஸ்பின் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணே, ஒரு தட்டுக்கு நிக்கணும்னு அவருக்கும் தெரியும்லா?"

"தெரியும் ஜாஸ்பின்."

"அப்ப சரி. நான் தட்டுவேன்."

பாறையில் எங்களை இறக்கி வரிசையாக நிறுத்தினான் ஆபேல். வழக்கமான உபதேசம் செய்தான். பேசக்கூடாது, இருமக்கூடாது. ஜாஸ்பின் பின்படியில் ஏறி நின்றாள். பன்னிரண்டு போன்கள் உயர்ந்தன. என்னுடையதும் உயர்ந்தது.

வண்டி பின்னே வந்தது. விளிம்புக்கு இரண்டு முழத்தில் அவள் தட்டினாள். உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. இரும்புத் தகடு அதிர்ந்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. வண்டி நிற்கவில்லை. ஒரு முழம் வந்தது. இந்த இடத்தில்தான் அவள் கத்த வேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்களைத் திறந்து வைத்திருந்தாள். அவ்வளவு உயரத்தில் அவள் கண்ணைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான். இன்னும் ஒரு சாண். ஜாஸ்பின் கம்பியை விட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளைப் போல இடது பக்கம் பாறைமேல் காலை வைத்து இறங்கி, ஒதுங்கி நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபேல் உள்ளே இருந்தான். அவனுக்குக் கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். கத்தல் கேட்கவில்லையே, இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்திருப்பான். அல்லது உனக்க வாயா எனக்க வண்டியா என்று பல்லைக் கடித்திருப்பான். இரண்டும் ஒன்றுதான்.

அப்போது யாராவது ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். எங்களுக்கு நேரம் இருந்தது. பன்னிரண்டு தொண்டைகள் இருந்தன. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவள் கத்தல் வீடியோவில் தெளிவாக விழ வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பின்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. முன்கண்ணாடி வழியாக ஆபேலின் முகம் ஒரு நொடி தெரிந்தது. பிறகு வண்டி இல்லை. கீழே கிளைகள் முறிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஒரு தென்னை உயரத்துக்குக் கீழே கிராம்பு மரங்கள் வண்டியைத் தாங்கிக்கொண்டன. அதனால் ஆபேல் சாகவில்லை. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வலது கைக்கும் அசைவு இல்லை. இடது கையும் வாயும் மட்டும் மிஞ்சின.

விசாரிக்க வந்தவர்களுக்கு ஜாஸ்பின் மேல் சந்தேகம் வந்தது. கிளி சரியாகச் சொன்னாளா என்று கேட்டார்கள். நான் என் போனைக் கொடுத்தேன். நாங்கள் இருமாமல் நின்ற புண்ணியத்தில் அந்த ஒரு தட்டு அதில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மூன்று தடவை போட்டுக் கேட்டார்கள். ஒரு தட்டு என்றால் நில் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அவளை விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷைஜா ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ ஏன் கத்தல்ல? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா?"

"நீதான மோளே கத்தக்கூடாதுன்னு சொன்ன," என்றாள் ஜாஸ்பின். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ஷைஜா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பெற்ற பிள்ளையிடம் அந்தப் பதிலை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னாள், வேண்டுமென்றேதான் சொன்னாள் என்று எனக்குப் படுகிறது. ஷைஜா படிப்பை முடித்துவிட்டாள். வேலையும் கிடைத்துவிட்டது. ஊருக்கு வருவதில்லை.

சபையில் ஆபேலுக்காக ஊக்கமாக ஜெபித்தார்கள். கணவனுக்கு இப்படி உழைக்கிற மனைவி கிடைப்பது பாக்கியம் என்று பெண்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். ஜாஸ்பினும் குறை வைக்கவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி, மருந்து, துடைப்பது, புரட்டிப்போடுவது எல்லாம் நடந்தது. படுக்கைப் புண் வரவிடவில்லை.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போனேன். அதுவரை நான் போகவில்லை. முன்னறையில் இரும்புக் கட்டில் கிடந்தது. ஆபேல் அதன்மேல் கண்ணை மூடிக் கிடந்தான், ஆள் பாதியாகியிருந்தான். உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய இரும்பு பெஞ்சு வெளி வராந்தாவில் கிடந்தது. அதில் உட்கார்ந்து ஜாஸ்பின் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டேன். அந்தப் பழைய குரல் திரும்பியிருந்தது. அடுத்த ஞாயிறு குழுவில் நிற்கப்போவதாகச் சொன்னாள். பெஞ்சில் பக்கத்தில் எனக்கு இடம் காட்டினாள்.

உள்ளே கட்டில் கம்பியில் டங் என்று ஒரு தட்டு கேட்டது.

அவள் பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை நகத்தால் கீறினாள். நான் பேச்சை நிறுத்தினேன். மறுபடி ஒரு தட்டு. அவள் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஒரு சரணம் முழுக்கப் பாடினாள்.

"ஜாஸ்பின், ஆபேல் தட்டுகான் போல இருக்கு," என்றேன்.

"கேக்குது அண்ணே. குடிக்க வெள்ளத்துக்காக்கும்."

"அப்ப போயிக் குடேன்."

"இருங்க. இன்னும் கத்தல்லலா?"

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தட்டுகள் வேகமாகி, பிறகு தளர்ந்து, நின்றுபோயின. நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்திருக்கலாம். பானை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் எழவில்லை. மூக்குப்பாறையில் நின்ற மாதிரியே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கடைசியில் ஆபேல் கத்தினான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஜாஸ்பின் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்து, கையைக் கழுவி, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.